ஊசி நோட்டு

மே 4, ஞாயிறு. ஏற்காடு

பத்து மணிக்கு வந்து சேர வேண்டியவர்கள் பன்னிரண்டரைக்கு வந்தோம். பெரிய தம்பி குழந்தைவேலின் மனைவி சரோஜினி ஏழு நாளுக்கு மூன்று பெட்டி கட்டியிருந்தாள். அதில் ஒரு பெட்டி முழுக்க முறுக்கும் அதிரசமும். தைக்க வருகிறாயா, சீர் கொண்டு வருகிறாயா என்று கேட்டேன். சிரித்தாள். எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்புதான். மண்டையில் ஏறினால்தானே.

மே மாதம் ஒரு வாரம் கம்பெனிக்கு லீவு விட்டுவிட்டு இந்த வாடகை வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு தைப்பது ஆறு வருடப் பழக்கம். திருப்பூரில் நாற்பது வருடமாகக் குழந்தைகள் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற குடும்பம். அப்பாவையும் என்னையும் தவிர ஒருத்தருக்கும் நேராக ஒரு தையல் ஓட்டத் தெரியாது. ஒரு தீபாவளியன்று அப்பாவுக்கு அது திடீரென்று உறைத்தது. "சோறு போடற மிசின்ல உக்காரத் தெரியாதவனுக்கு எதுக்குடா சோறு?" என்றார். அதிலிருந்து வேனில் மூன்று மெஷினை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறோம். எண்பத்து நான்கு வயது அப்பாவிலிருந்து ஒன்பது வயது இனியா வரை எல்லாரும் தைக்க வேண்டும்.

இந்த வருடம் ஒட்டுப்போர்வை. குழந்தைவேலின் மகள் யாழினிக்கு இது ஏழாம் மாதம். அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு. ஆளுக்கு ஆறு கட்டம், ஏழு பேருக்கு நாற்பத்திரண்டு. கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து முடிப்பது என் வேலை. யாருடைய கட்டம் எங்கே என்பதும் என் முடிவு.

ஏழாவது ஆள் பூங்கோதை. செத்துப்போன என் சின்னத் தம்பி லோகுவின் மனைவி, இனியாவின் அம்மா. மனைவியாக இருந்தவள் என்று எழுத வேண்டும். போன மாதம் கோபிச்செட்டிபாளையத்து வாத்தியார் ஒருவரை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவே போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஜூன் முதல் தேதி அங்கே குடி போகிறாள். போகட்டும், மகராசியாகப் போகட்டும். இனியாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள், அதுதான் விஷயம். "ஏற்காட்டுலிருந்து எறங்கறதுக்குள்ள ஒரு முடிவு சொல்றேன்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு எது நல்லதோ அது நடக்க வேண்டும்.

மே 5, திங்கள்

ஏழு மணிக்குக் கூடத்தில் மெஷின்களைப் போட்டாயிற்று. ஊசி நோட்டை எடுத்து ஆணியில் மாட்டினேன். யாழினியின் வீட்டுக்காரர் போன வருடம் வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, வீட்டிலுமா என்று கேட்டார். வீட்டிலும்தான். கம்பெனியில் செக்கிங் முப்பது வருடமாக என் பொறுப்பு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கித் தட்டில் வைத்து என்னிடம் கொண்டுவர வேண்டும். நான் அதை நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, பெயரும் நேரமும் எழுதிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் ஓடிய துணி முழுக்கத் தீக்குப் போகும். பச்சைப்பிள்ளை போடுகிற துணிக்குள் ஒரு முனை இருந்தால் என்ன ஆகும்? என் கண் முன்னால் அப்பா நானூறு பனியனை எரித்திருக்கிறார். ஊசி உடைத்தவளை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. துண்டை மறைத்தவளை மறுநாள் வேலைக்கு வைத்ததும் இல்லை.

இனியா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். "நூல் கோத்துத் தரட்டுங்களா அத்தை?" என்று கேட்டுக் கேட்டுக் கோத்துக் கொடுத்தாள். பிறந்து பதினோராம் நாளிலிருந்து என் மடியில் தூங்கிய பிள்ளை. அவள் அம்மா பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் கிடந்தாள். குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, தொட்டில் ஆட்டியவள் நான். அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

பூங்கோதை லோகுவின் நீலக் கோடு போட்ட சட்டையை வெட்டி ஆறு கட்டமும் அதிலேயே தைத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். பெண்டாட்டி வேறு வீடு போகலாம், அக்காள் போக முடியுமா?

தையல் நன்றாகத்தான் இருந்தது. அப்பா கட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோகிலா, உனக்கு இப்பக் கண்ணு மங்குது. இந்த வருசம் சேர்க்கறதப் பூங்கோத செய்யட்டும்" என்றார். எல்லாரும் இருக்கும்போது சொன்னார்.

சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னார். "தாய் இருக்கறப்பப் புள்ளயப் பிரிச்சு வெச்சு என்ன பண்டறது?" முடிவு என்று சொல்லவில்லை. ஆனால் அது முடிவுதான். பூங்கோதை தலை குனிந்து ரசம் ஊற்றினாள். பாதி இலைக்கு வெளியே போயிற்று. சந்தோஷத்தில்.

எனக்கு இருபத்து நான்கு வயதில் தாலி இறங்கியது. அப்பா வந்து காரில் ஏற்றிக் கூட்டி வந்தார். மறு வாரமே கம்பெனிக்கு வரச் சொன்னார். எனக்காக யாரும் சாட்சிக் கையெழுத்துப் போட அலையவில்லை. காலம் அப்படி. நானும் கேட்கவில்லை.

மே 6, செவ்வாய்

கட்டங்கள் சேர்ந்துவிட்டன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, லோகுவின் நீலம் அங்கங்கே தெரிந்தது. பஞ்சு வைத்து ஓட்டும்போது பன்னிரண்டு மணி சுமாருக்கு டப்பென்று சத்தம். ஊசி போயிற்று. அந்தத் தடிப்பில் ஓட்டினால் போகாமல் என்ன செய்யும்?

பூங்கோதை மெஷினை நிறுத்தி, குனிந்து பொறுக்கி, டீ சாஸரில் வைத்துக் கொண்டுவந்தாள். "மூணு துண்டுங்க்கா. எல்லாம் இருக்குதுங்க, பாத்துக்கங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு இலை போடப் போனாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

நோட்டில் இரண்டை ஒட்டினேன். முனை நெல்லில் பாதிகூட இருக்காது. என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அறைக்கு வந்து கை கழுவப்போகும்போதுதான் பார்த்தேன். உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள், இலை முன்னால் இருப்பவர்களை எழுப்புவது மரியாதை இல்லை. தொலைந்துவிடக் கூடாது என்று இந்த டைரிப் பக்கத்து ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

சாப்பிட்டு எழுந்து அப்பா நோட்டைப் பார்த்தார். "ரண்டுதான் இருக்குது. மொனை எங்க?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சாஸர்ல இருந்தது அவ்வளவுதானுங்ப்பா" என்றேன்.

"இல்லீங்க்கா, மூணு வெச்சனுங்க. உங்க கையிலதான குடுத்தேன்" என்றாள் பூங்கோதை.

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"அப்பிடிச் சொல்லலீங்க்கா."

"வேற எப்பிடிச் சொல்ற?"

சரோஜினிகூடச் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பொழுதுக்குள்ள மொனை வரோணும். இல்லாட்டிப் போர்வ தீக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா படுக்கப் போனார்.

மே 7, புதன்

காலையிலிருந்து எல்லாரும் தரையில் தவழ்ந்தார்கள். காந்தத்தைக் கயிற்றில் கட்டி, குழந்தைவேல் ஒரு பக்கமும் சரோஜினி ஒரு பக்கமும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு யாழினியும் குனியப்போனாள், அதட்டி உட்கார வைத்தேன். பூங்கோதை போர்வையை மடியில் போட்டு விரல் விரலாக அமுக்கிப் பார்த்தாள். குத்தினால் போதும், ரத்தம் வந்தால்கூடப் போதும் என்பது மாதிரி அமுக்கினாள். நானும் தேடினேன். மற்றவர்களைவிட அதிகமாகவே தேடினேன்.

பதினோரு மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. "புதுப் புருசன் நெனப்புல மிசின் ஓட்டினா ஊசி என்ன, வெரலே போகும்" என்றேன். அப்பா பக்கம் திரும்பினேன். "ஊசிய ஒடச்சது தப்பில்ல. மூணு வெச்சேன்னு சாதிக்கறாளே, அதான் தப்பு. பொறக்காத புள்ள துணியிலயே இப்பிடின்னா, பொறந்த புள்ளய எப்பிடிப் பாத்துக்குவா? நீங்களே யோசிங்கப்பா."

அப்பா யோசித்தார். எனக்குத் தெரியும், அவர் யோசிக்கும்போது கட்டை விரலால் ஆள்காட்டி விரலைத் தேய்ப்பார். தேய்த்தார்.

அப்போது இனியா எழுந்து தாத்தாவைப் பார்த்து நின்றாள். கையில் நூல்கண்டு. "அப்பாரு, அம்மா மூணுதான் வெச்சாங்க. சாஸர் மேசமேல இருந்தப்ப நாந்தான் மொனைய எடுத்து வாயில வெச்சேன். உள்ள போயிருச்சு."

பூங்கோதை போட்ட சத்தம் பக்கத்து எஸ்டேட் வரை கேட்டிருக்கும். பாய்ந்து வந்து பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டாள். சரோஜினி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்பா எழுந்திருக்க முயன்று முடியாமல் நாற்காலியிலேயே விழுந்தார். குழந்தைவேல் கார் சாவியைத் தேடி ஓடினான்.

சொல்ல ஒரு நிமிடம் போதும். வாய் வரை வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? இத்தனை பேரும் காலையிலிருந்து தவழ்ந்த பிறகு? பிள்ளைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆகாத ஒன்றுக்காக எதற்குச் சொல்ல வேண்டும்?

சேலத்துக்கு இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாவதிலேயே இனியா வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பூங்கோதை முந்தானையில் ஏந்தி, அதை விரலால் கிளறிக் கிளறித் தேடினாள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அம்மா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சிறிய துண்டாக இருந்தால் மறைந்திருக்கலாம், நாளைக்கு இன்னொன்று எடுப்போம், அதுவரை வாய்க்கு ஒன்றும் வேண்டாம் என்றார் டாக்டர். பிள்ளைக்குக் கையில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 8, வியாழன். சேலம்

இரண்டாவது எக்ஸ்ரே. ஒன்றும் இல்லை. கேன்டீனில் பொங்கல் பரவாயில்லை. பூங்கோதையின் புது மாமியாருக்குக் கோபிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பிறத்தியார் சொல்லிக் கேட்பதைவிட நாம் சொல்வது நல்லது.

மே 9, வெள்ளி. ஏற்காடு

காலையில் டாக்டர் இனியாவைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். முழுங்கவில்லை, பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மலை ஏறும்போது பூங்கோதை பிள்ளையை அணைத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். பொய் சொன்ன பிள்ளையை ஒரு அடி அடிக்கத் தெரியாதவள்.

மதியம் பின்கட்டில் போர்வையை எரித்தோம். சட்டம் சட்டம்தான், நான்தான் ஞாபகப்படுத்தினேன். குழந்தைவேல் மண்ணெண்ணெய் ஊற்றினான். யாழினி பார்க்க முடியாது என்று உள்ளே போய்விட்டாள். பஞ்சு குபுகுபுவென்று பிடித்தது. லோகுவின் நீலம் சுருண்டு கறுத்தது. அவன் போட்டிருந்ததில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். என்னிடம் கொடுத்திருந்தால் பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கும். அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தணல் ஆறியதும், சாம்பலில் காந்தம் விடப்போகிறேன் என்று அப்பா எழுந்தார். கம்பெனியிலும் அப்படித்தான், எரித்த பிறகு சாம்பலைப் பார்ப்பார். நான் எதிர்பார்க்கவில்லை. சாம்பலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் முனை துணியில் இல்லை என்று ஆகும். பிள்ளையின் வயிற்றிலும் இல்லை. பிறகு மிச்சம் இருப்பது யார் கை?

அறைக்கு வந்து, டைரியில் மே 6ஆம் தேதிப் பக்கத்து செல்லோடேப்பை உரித்தேன். நீர் தெளிக்கிற சாக்கில் போய்ச் சாம்பல்மேல் கையை உதறினேன். அவ்வளவுதான்.

அப்பா காந்தத்தை இரண்டு தடவை இழுத்தார். மூன்றாம் தடவை தூக்கியபோது முனை ஒட்டியிருந்தது.

"பாத்தீங்களா? போர்வைக்குள்ளதான் இருந்திருக்குது!" என்றேன். குழந்தைவேல் பூங்கோதையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் சாம்பல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "எண்ணித்தான் வெச்சேன் மாமா. எண்ணுன மாரிதான் இருக்குது. இப்ப எனக்கே தெரியலீங்க" என்றாள்.

அப்பா முனையை உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அது பளபளவென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீயில் வெந்த ஊசி நீலம் பாரித்துக் கறுத்துப்போகும். நானூறு பனியன் எரித்தவருக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? முப்பது வருடம் ஊசி நோட்டு எழுதிய நான் அதை மறந்தேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இனியாவைப் பார்த்தார். கட்டை விரலால் முனையைச் சாம்பலில் போட்டுத் தேய்த்தார். கறுப்பாகும் வரை தேய்த்தார். நோட்டைக் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே ஒட்டினார்.

"புள்ள ஒரு வருசம் எங்கூட இருக்கட்டும். நீ அங்க போயிக் காலூனிக்க. அப்பறம் பாக்கலாம்" என்று பூங்கோதையிடம் சொன்னார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

அவள் கெஞ்சினாள். காலைப் பிடித்தாள். அவளுடைய போன் அடித்தது, கோபியிலிருந்து மாமியார். இந்தப் பக்கம் அவள் சொன்னது, "சரிங்கத்தை", "சரிங்கத்தை", "இப்பக் கூட்டிட்டு வரலீங்கத்தை" மட்டும்தான்.

அப்பா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவருக்கும் பேத்தி வேண்டும்தானே.

மே 10, சனி

மெஷின்களை வேனில் ஏற்றினோம். அதிரசம் ஒரு டப்பா அப்படியே மிச்சம். யாழினியின் பிள்ளைக்குக் கடையில் ஒரு போர்வை வாங்கிக்கொள்ளலாம் என்றேன். வேண்டாம் என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஏழாம் மாதத்தில் கோபம் ஆகாது.

ஜூன் 1, ஞாயிறு. திருப்பூர்

பூங்கோதை போனாள். இனியாவின் சீருடைக்கு அவளே இஸ்திரி போட்டு, ஐந்து நாளுக்கு ஐந்து செட் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். வாசலில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை, வாத்தியார்தான் மெதுவாகப் பிரித்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிந்தார். இனியா அழவில்லை. கார் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, "பசிக்குதுங்கத்தை" என்றாள்.

தோசை சுட்டுக் கொடுத்தேன். மூன்று சாப்பிட்டாள். முப்பது வருடத்தில் இப்படிச் சந்தோஷமாக நான் தோசை சுட்டதில்லை. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட இனியாவை உட்கார வைத்தேன். அப்பா வெளியே போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் முழுங்குனேன்னு சொன்னப்ப எல்லாரும் அழுதாங்க அத்தை. அப்பாருகூட அழுதாரு."

"ஆமா கண்ணு. பொய் சொன்னா அப்பிடித்தான், எல்லாருக்கும் கஷ்டம்."

"நீங்க மட்டும் அழல. நான் செத்துருவேன்னு நீங்க பயப்படவே இல்ல." திரும்பவில்லை, முகம் எனக்குத் தெரியவில்லை. "நான் ஆஸ்பத்திரியில ரண்டு நாளும் பாத்துட்டே இருந்தேன். அது என் வயித்துல இல்லன்னு உங்களுக்கு மட்டும் தெரியும்."

"அத்தைக்குத் தைரியம் ஜாஸ்தி" என்றேன்.

என் கை நின்றுவிட்டிருந்தது. மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன்.

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்கத்தை. சொன்னா அம்மா வந்து சண்ட போடுவாங்க. அப்பறம் நீங்க அவங்கள உள்ளயே வுடமாட்டீங்க." தணிந்த குரலில் கேட்டாள். "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அம்மாவ வரவுடறீங்களா?"

ஒன்பது வயதுப் பிள்ளை. எண்ணெய் கழுத்தில் வழிந்தது, முந்தானையால் துடைத்துவிட்டேன்.

மாதம் ஒரு ஞாயிறு என்றேன்.

ரெண்டு என்றாள்.

ஒன்று என்றேன்.

"சரிங்கத்தை" என்றாள்.